முதல் நாள் வரிசை

விற்பவர் சொல்லை வாங்குபவர் நம்புவதால்தான் உலகில் அங்காடிகள் நடைபெறுகின்றன. பொருளைக் கையில் எடுத்துப் பார்த்து, விலை பேசி, நிறுத்து வாங்கிய காலத்தில் அந்த நம்பிக்கைக்கு வாங்குபவரின் கண்ணும் கையும் துணை நின்றன. இன்றோ பொருள் கடைக்கு வந்து சேரும் முன்பே அதற்குரிய பணம் கடைக்குச் சென்றுவிடுகிறது. வாங்குபவரிடம் எஞ்சியிருப்பவை ஒரு ரசீதும், 'இன்ன நாளில் தருகிறோம்' என்ற சொல்லுமே. அந்தச் சொல் பொய்க்கும்போது எளிய மனிதர் படும் அல்லலைப் புதிய திறன்பேசிகளின் முதல் விற்பனை நாளில் கண்கூடாகக் காணலாம். அது குறித்த சில எண்ணங்களை இம்மலரின் வாசகர்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

காத்திருத்தல் நம் நாட்டுக்குப் புதிதன்று. நம் முந்தைய தலைமுறையினர் ஸ்கூட்டருக்கு முன்பணம் கட்டிவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்தனர். வீட்டுக்குத் தொலைபேசி இணைப்பு வேண்டி விண்ணப்பித்தவர்களும் அவ்வாறே காத்திருந்தனர். அன்று உரிமம் பெற்ற ஆலைகள் சில, உற்பத்தி குறைவு, தேவையோ மிகுதி. ஆகவே அந்தக் காத்திருப்பில் சலிப்பு இருந்தது. வஞ்சிக்கப்பட்டோம் என்ற மனக்கசப்பு பெரும்பாலும் இல்லை.

1995 சூலை 31 அன்று மேற்கு வங்க முதல்வர் ஜோதிபாசு கல்கத்தாவிலிருந்து தில்லியில் இருந்த மத்திய அமைச்சர் சுக்ராமுடன் பேசியபோது இந்தியாவில் செல்பேசிக் காலம் பிறந்தது. இன்று கருவிகளுக்குப் பஞ்சமில்லை. உலகம் விரும்பி வாங்கும் ஐபோன்கள் நம் ஸ்ரீபெரும்புதூரிலேயே உருவாகின்றன. அப்படியிருந்தும் புதிய கருவி ஒன்று வெளிவரும் நாளில் வரிசையும் நெருக்கடியும் ஏமாற்றமும் தொடர்கின்றன. காரணம் யாது? நீண்ட வரிசையைப் போல வலிமையான விளம்பரம் வேறில்லை என்பதை வணிக உலகம் கண்டுகொண்டதே காரணம் எனலாம்.

சில நிகழ்ச்சிகளை நினைவுகூர்வது இங்குப் பொருந்தும். 2008 சூலை 11 அன்று ஐபோன் 3ஜி பல நாடுகளில் ஒரே நாளில் விற்பனைக்கு வந்தது. விடியற்காலையிலிருந்து நின்று பணம் செலுத்தி வாங்கிய அமெரிக்க வாடிக்கையாளர் பலர், கருவியை இயங்கச் செய்யும் கணினிச் சேவை முடங்கியதால், பேச முடியாத பேசியைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருக்க நேர்ந்தது. நம் நாட்டில் 2014 சூலையில் ஷாவ்மி நிறுவனத்தின் எம்ஐ 3 ஃபிளிப்கார்ட் இணையதளத்தில் விற்கப்பட்டது. இரண்டாம் முறை விற்பனை 5 விநாடிகளிலும், மூன்றாம் முறை 2 விநாடிகளிலும் முடிந்துவிட்டதாகச் செய்திகள் வந்தன. இரண்டு விநாடி என்பது கண்ணை ஒருமுறை மூடித் திறக்கும் நேரம். முன்கூட்டியே பெயர் பதிந்து, திரையின் முன் விழித்திருந்த இளைஞர் பல்லாயிரவர் அந்த இமைப்பொழுதில் தோற்றுப் போயினர்.

2016 பிப்ரவரி 18 அன்று நடந்தது இன்னும் கொடியது. 'ஃபிரீடம் 251' என்ற பெயரில், 251 ரூபாய்க்குத் திறன்பேசி தருவதாக நொய்டாவைச் சார்ந்த ரிங்கிங் பெல்ஸ் என்ற நிறுவனம் அறிவித்தது. காலை 6 மணிக்குப் பதிவு தொடங்கியது. தொடங்கியவுடனேயே இணையதளம் முடங்கியது. பதிவு நிறுத்தப்பட்டது. பின்னர்ப் பணம் கட்டியவர்களுக்குத் திருப்பித் தருவதாகக் கூறப்பட்டது. 2017 பிப்ரவரியில், விநியோகஸ்தர் ஒருவரின் மோசடிப் புகாரின் பேரில் அந்நிறுவனத்தின் தலைவர் கைது செய்யப்பட்டார். அதே 2017 ஆம் ஆண்டு ஆகஸ்டு 24 அன்று ஜியோபோன் முன்பதிவு தொடங்கியது. முன்பணம் 500 ரூபாய். எளியோர்க்கான கருவி என்பதால் எளியோரே பெருந்திரளாக முயன்றனர். அன்றும் இணையதளம் நெருக்கடியில் திணறியது. இரண்டு நாளில் பதிவு நிறுத்திவைக்கப்பட்டது. 2025 செப்டம்பர் 19 அன்று மும்பையில், ஐபோன் 17 வாங்க வந்தோரிடையே ஆப்பிள் கடையின் வாயிலில் கைகலப்பு மூண்டது. பாதுகாவலர் தலையிட்டு விலக்க வேண்டியதாயிற்று.

ஆண்டுகள் மாறின, நிறுவனங்கள் மாறின, விலை 251 ரூபாயிலிருந்து இலட்சத்தைத் தாண்டியது. வாடிக்கையாளரின் நிலை மட்டும் மாறவில்லை.

இவை பெருநகரங்களிலும் இணையத்திலும் நிகழ்ந்தவை. சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் திருவண்ணாமலையிலும் இத்தகைய நாள் ஒன்றைக் கண்டேன். என் தமக்கையின் மகன் கல்லூரியில் இறுதியாண்டு பயின்றுகொண்டிருந்தான். பத்தாயிரம் ரூபாய்க்குள் நல்ல திறன்பேசி ஒன்று வெளிவருகிறது என்ற விளம்பரத்தைக் கண்டு, சிறுவர்களுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்துச் சேர்த்த தொகையிலிருந்து கடையொன்றில் முன்பணம் கட்டியிருந்தான். "மாமா, நீங்களும் வந்தால் நல்லது" என்று அழைத்தான். இருவரும் காலை எட்டு மணிக்கே சென்றோம்.

கடை வாயிலில் பலூன்கள் கட்டியிருந்தார்கள். ஒலிபெருக்கியில் பாட்டு முழங்கியது. எங்களுக்கு முன்னரே அறுபது பேருக்குக் குறையாமல் நின்றிருந்தனர். செங்கம், கீழ்பென்னாத்தூர்ப் பக்கங்களிலிருந்து முதல் பேருந்தைப் பிடித்து வந்தவர்கள் பலர். தண்டராம்பட்டிலிருந்து வந்த விவசாயக் கூலித் தொழிலாளி ஒருவர், பாலிடெக்னிக்கில் படிக்கும் தம் மகளோடு எங்களுக்கு முன்னால் நின்றார். பாடக் குறிப்புகளும் கல்வி உதவித்தொகைச் செய்திகளும் பேசியில்தான் வருகின்றன. அதனால்தான் வாங்குகிறோம் என்றார் அவர். ஆடம்பரம் என்று ஒதுக்கிவிடக்கூடிய ஆசையன்று அது.

பத்து மணிக்குத் திறப்பதாகச் சொன்ன கதவு பதினொன்றரைக்குத் திறந்தது. முதலில் உள்ளே சென்ற நால்வரை நிற்கவைத்துப் படம் எடுத்தார்கள். பிறகு, தவணைக் கடனில் வாங்குவோர்க்கே முன்னுரிமை என்றார்கள். அடுத்து, உறையும் காதொலிக் கருவியும் சேர்த்து வாங்குவோர்க்கே பேசி என்றார்கள். இடையில், "சர்வர் வேலை செய்யவில்லை, பில் போட முடியாது" என்று ஒரு மணி நேரம் கழிந்தது. பிற்பகல் இரண்டரை மணிக்கு ஊழியர் ஒருவர் வெளியே வந்து, "ஸ்டாக் முடிந்துவிட்டது, அடுத்த லாட் வந்ததும் போன் செய்கிறோம்" என்று சொல்லிக் கதவைச் சாத்தினார். அன்று கடைக்கு வந்த பேசிகள் மொத்தம் பன்னிரண்டே என்பது பிறகுதான் தெரிந்தது.

கூச்சல் எழுந்தது. இளைஞர் சிலர் கதவைத் தட்டினர். தண்டராம்பட்டுக்காரர் மட்டும் குரல் உயர்த்தவில்லை. அந்த ஊழியரைப் பார்த்து, "தம்பி, இல்லைன்னா இல்லைன்னு நேத்தே சொல்லியிருக்கலாமே. நான் இன்னிக்கு வேலைக்குப் போயிருப்பேன்" என்றார். அந்த ஊழியர் தலை குனிந்தார். அவர் மீது எனக்குச் சினம் எழவில்லை. மாதச் சம்பளத்துக்கு நிற்கும் அவருக்கும் சரக்கின் அளவை முடிவு செய்யும் இடத்துக்கும் நெடுந்தொலைவு. வாடிக்கையாளரின் சினம் முழுவதையும் தாங்க வேண்டியவரோ அவர்தாம்.

முன்பணத்தைக் கேட்டபோது, அதை வேறு பொருளில் கழித்துக்கொள்ளலாம், பணமாகத் தருவதற்கில்லை என்றார்கள். அருகிலிருந்த தேநீர்க் கடையின் பெஞ்சில் அமர்ந்து, ஒன்பது பேருக்காகத் தமிழில் ஒரு முறையீடு எழுதினேன். ரசீது எண், கட்டிய தொகை, வாக்களித்த நாள், நடந்தவை ஆகியவற்றை வரிசையாக எழுதி, ஒன்பது பேரும் கையொப்பமிட்டோம். ஒரு படியை மேலாளரிடம் கொடுத்து, மறுபடியில் பெற்றுக்கொண்டதற்கான கையொப்பம் கேட்டோம். இன்னொரு படி நுகர்வோர் ஆணையத்துக்குச் செல்லும் என்றும் தெரிவித்தோம். நான்காம் நாள் ஒன்பது பேருக்கும் பணம் திரும்பி வந்தது. கூச்சலுக்குச் சாத்திய கதவு ஒரு தாளுக்குத் திறந்தது. தமிழ் பயின்று என்ன பயன் என்று கேட்கும் மாணவர்களுக்கு நான் இந்நிகழ்ச்சியைச் சொல்வதுண்டு.

அந்தத் தொழிலாளியின் சொற்களை நான் பலமுறை எண்ணிப் பார்த்திருக்கிறேன். பேசி கிடைக்கவில்லை என்பதை அவர் குறையாகச் சொல்லவில்லை. கிடைக்காது என்பதை அறிந்திருந்தும் சொல்லாமல் நிறுத்திவைத்தார்களே என்பதே அவருடைய குறை. ஒரு நாள் கூலியும் பேருந்துச் செலவும் மகள் முன்னிலையில் பட்ட சிறுமையும் அந்த மௌனத்தின் விலை. பன்னிரண்டு பேசிகளே உள்ளன என்று காலையில் ஒரு பலகையில் எழுதி வைக்கக் கடைக்கு என்ன செலவாகியிருக்கும்? ஒரு சுண்ணாம்புக் கட்டி போதும். ஆனால் எழுதி வைத்திருந்தால் வரிசை கலைந்திருக்கும். வேடிக்கை பார்ப்போர் கூட்டம் சேர்ந்திருக்காது. கூட்டம் வேண்டும் என்பதற்காகவே உண்மை மறைக்கப்பட்டது.

கூட்டத்தை நடத்துவது எப்படி என்பதை எங்கள் ஊர் நன்கறியும். கார்த்திகைத் தீபத்தன்று இலட்சக்கணக்கானோர் திரள்வர். 2,668 அடி உயரமுள்ள மலையின் மீது ஏற விரும்புவோரும் மிகப் பலர். 2022, 2023 ஆம் ஆண்டுகளில் 2,500 பேருக்கு மட்டுமே அனுமதி என்று முன்னரே அறிவித்து, அடையாள அட்டையைப் பார்த்து அனுமதிச் சீட்டு வழங்கினார்கள். 2024 டிசம்பர் முதல் நாள் பெருமழையில் மலைச்சரிவு ஏற்பட்டு ஏழு உயிர்கள் பறிபோயின. அவ்வாண்டு பக்தர் எவரும் மலையேற இயலாது என்பதையும் விழாவுக்கு முன்பே சொல்லிவிட்டார்கள். வருந்தியவர்கள் இருந்திருப்பர், ஆயினும் ஏமாற்றப்பட்டோம் என்று கூற இடமில்லை. அளவு தெரிந்தால் மனிதர் தம் நாளைத் தாமே திட்டமிட்டுக்கொள்வர். அவர்களுக்குக் காட்டும் மரியாதை அதுவே.

அறத்தோடு இயைந்த வணிகம் தமிழர்க்குப் புதிதன்று. காவிரிப்பூம்பட்டினத்து வணிகரைப் பட்டினப்பாலை அவர்களது செல்வத்துக்காக மட்டும் பாராட்டவில்லை. வாங்குவதிலும் விற்பதிலும் அவர்கள் காத்த நேர்மைக்காகவும் பாராட்டுகிறது. வள்ளுவர் வாணிகத்தைப் பற்றி நடுவுநிலைமை என்னும் அதிகாரத்திலேயே பேசுகிறார். அளவைக் குறைப்பது அன்று தராசில் நடந்தது. இருப்பைச் சொல்லாமல் முன்பணம் பெறுவது இன்றைய அளவுக் குறைப்பு என்றே நான் கருதுகிறேன்.

சட்டமும் இதை அறியாமல் இல்லை. 1986 ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்கு மாற்றாக வந்த 2019 ஆம் ஆண்டுச் சட்டம் 2020 சூலை 20 முதல் நடைமுறையில் உள்ளது. ஒரு பொருளை வாங்க வேண்டுமானால் இன்னொன்றையும் வாங்கியே தீர வேண்டும் என்று நிபந்தனை விதிப்பது, பில் தர மறுப்பது ஆகியவற்றின் மீது முறையிட அச்சட்டம் வழி செய்கிறது. 2022 சூனில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் விளம்பரங்களுக்கென வெளியிட்ட நெறிமுறைகள், தூண்டில் விளம்பரம் என்பதைத் தனியே எடுத்துப் பேசுகின்றன. அறிவித்த விலையில் தருவதற்குப் போதிய இருப்பு இருக்க வேண்டும். இருப்பு குறைவாயின் அதை விளம்பரத்திலேயே தெளிவாகச் சொல்ல வேண்டும் என்பது அவற்றின் கருத்து. 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தை அழைக்கலாம். 5 இலட்சம் ரூபாய் வரை விலை கொடுத்து வாங்கியவற்றுக்கு மாவட்ட ஆணையத்தில் கட்டணமின்றியே முறையிடலாம். ஆண்டுதோறும் டிசம்பர் 24 அன்று தேசிய நுகர்வோர் நாள் கொண்டாடும் நம் கல்வி நிறுவனங்கள், அன்று மாணவர் ஒவ்வொருவரும் ஒரு முறையீட்டை எழுதிப் பழகச் செய்தால் அது சிறந்த விழாவாக அமையும்.

வாங்குவோர் பக்கத்திலும் எண்ண வேண்டியது ஒன்றுண்டு. முதல் நாளே வாங்கியாக வேண்டும் என்ற வேட்கை நம்முள் எவ்வாறு வந்தது? 2007 சூன் 29 அன்று முதல் ஐபோன் அமெரிக்காவில் வெளியானபோது இரவெல்லாம் விழித்து நின்று வாங்கினார்கள். 8 ஜிபி கருவியின் விலை 599 டாலர். செப்டம்பர் முதல் வாரத்திலேயே அதை 399 டாலராகக் குறைத்துவிட்டார்கள். முதலில் வாங்கியோர் கொதித்தெழவே, ஸ்டீவ் ஜாப்ஸ் மன்னிப்புக் கடிதம் எழுதி, தம் கடைகளில் பயன்படுத்த 100 டாலர் வரவு வழங்கினார். பத்து வாரம் பொறுத்தவர்க்கு 200 டாலர் மிச்சம். தேவைக்கு வாங்குபவர் பெரும்பாலும் ஒரு மாதம் காத்திருக்கலாம். பொருள் அதுவேதான், விலையும் குறையக்கூடும். பிறர் கண்ணுக்காக வாங்குபவரே முதல் நாளுக்கு அடிமையாகிறார்.

ஆயினும் இந்த அறிவுரையை விற்பவர் தம் தவற்றுக்குக் கேடயமாக்கிக்கொள்ளக் கூடாது. வாங்குபவரின் ஆவல் அவருடைய பலவீனமாகவே இருக்கலாம். அதை வைத்து அவரை ஏமாற்ற எவருக்கும் உரிமையில்லை.

மாணவச் செல்வங்களே, உங்களுள் பலர் நாளை வணிகராவீர்கள். சிலர் பெருநிறுவனங்களின் விற்பனைப் பிரிவில் அமர்வீர்கள். சிலர் கதவருகே நின்று வாடிக்கையாளருக்கு விடை சொல்லும் பணியிலும் இருப்பீர்கள். நம் சமுதாயப் பெரியோர்களுள் வணிகத்தால் உயர்ந்தோர் பலர். முன்பணம் வாங்கிய வாக்கைக் காப்பதன் அருமை அவர்களுக்குத் தெரியும். அவர்களிடமிருந்து அதைக் கற்றுக்கொள்ளுங்கள். கையிருப்பு பன்னிரண்டு என்றால் பன்னிரண்டு என்று வாயிலில் எழுதி வையுங்கள். பதின்மூன்றாவதாக நிற்பவர் அன்று வெறுங்கையோடு திரும்பிச் செல்வார். ஆனால் அவர் மறுமுறையும் உங்கள் கடைக்கே வருவார்.