சோளக்குருவி பார்க்கப் போனோம்

புத்தகத்தில் சூறைக்குருவி என்று போட்டிருக்கிறது. எங்களுக்கு அது சோளக்குருவி. மைனா அளவுதான் இருக்கும். தலையும் இறக்கையும் கறுப்பு, உடம்பு வெளிர் ரோஸ். மழைக்காலத்துக்கு முன்னாலேயே வந்துவிடும், சித்திரையில் கிளம்பிவிடும். இங்கே கூடு கட்டாது. குஞ்சு பொரிப்பதெல்லாம் மத்திய ஆசியாவின் புல்வெளிகளில்.

பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அதைப் பார்க்கவென்று திருநெல்வேலியிலிருந்து 14 பேர் கயத்தாறு பக்கம் போனோம். கல்லூரிப் பையன்கள், ஒரு டாக்டரம்மா, ஏழாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண். கிழவன் நான் ஒருத்தன்தான். பருத்தி மார் பிடுங்கிய கரிசல், பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. தூரத்தில் காற்றாடிகள். வழியில் கம்பி மேல் பனங்காடை, தரையோடு தரையாக மிதந்து போன ஒரு பூனைப்பருந்து.

ஆறு மணிக்கு மேல் சின்னச் சின்னக் கூட்டமாக வர ஆரம்பித்தது. பிறகு கணக்கில்லை. புகை மாதிரி விரிந்தது, சுருண்டது. வல்லூறு ஒன்று குறுக்கே வந்ததும் அத்தனையும் ஒரே உருண்டையாகி, ஓடைக்கரைச் சீமைக்கருவேலத்தில் கொட்டியது. பையன்கள் கை தட்டினார்கள்.

"தாத்தா, சின்ன வயசுல இதப் பாத்திருக்கீங்களா?" என்றாள் அந்தப் பெண்.

"பாத்திருக்கேன். கவண் வச்சு விரட்டியிருக்கேன்" என்றேன்.

அதற்கு மேல் சொல்லவில்லை. எங்களுக்கு மூன்று குறுக்கம் புஞ்சை. கதிர் பால் பிடித்தால் எனக்கும் அண்ணனுக்கும் பள்ளிக்கூடம் கிடையாது. பரண் மேல் ஏறி, விடிந்தது முதல் தகரத்தைத் தட்டிக்கொண்டிருப்போம். ஒரு வருஷம் நாங்கள் கத்தக் கத்தக் கூட்டம் இறங்கியது. எழுந்தபோது பாதிக் காட்டில் வெறும் கொண்டைதான் நின்றது. அப்பா எங்களைத் திட்டவில்லை. கஞ்சி குடிக்காமல் படுத்துவிட்டார். அந்த வருஷம் கடனுக்குத் தானியம் வாங்கித்தான் சாப்பிட்டோம். அக்காள் கல்யாணமும் தள்ளிப்போனது.

கூட வந்த தம்பி ஒரு விஷயம் சொன்னார். சீனாவின் சிஞ்சியாங் பக்கம் இந்தக் குருவி தங்குவதற்கென்றே கல்லை அடுக்கிக் கூட்டுக்கு இடம் செய்து வைக்கிறார்களாம். வெட்டுக்கிளியைத் தின்று தீர்க்கிறதே, அதற்காக. இதை அப்பாவிடம் சொல்லியிருந்தால் கவணை என் தலைக்குத்தான் சுழற்றியிருப்பார்! அவர் கணக்கிலும் தப்பில்லை. தின்ற வெட்டுக்கிளியை யார் எண்ணினார்கள்? போன சோளம்தான் கண்ணுக்குத் தெரிந்தது. இன்றைக்கு எங்கள் புஞ்சை கைமாறிவிட்டது, காவல் காக்க ஒரு கதிர் எனக்கில்லை. அதனால்தான் கழுத்தில் பைனாகுலரோடு நின்று என்னால் ரசிக்க முடிகிறது என்று தோன்றியது.

இருட்டும் நேரம், மொபெட்டில் வந்த ஒருவர் வண்டியை நிறுத்தினார்.

"என்ன அண்ணாச்சி, எல்லாரும் மேல பாக்கீய?"

"சோளக்குருவி."

"இதுக்கா இம்புட்டுத் தூரம் வந்தீய?" சிரித்தார். கிணற்றுத் தோட்டத்தில் மக்காச்சோளம் போட்டிருக்கிறாராம். அது மட்டைக்குள் இருப்பதால் குருவித் தொல்லை அவ்வளவாக இல்லை, பன்றிதான் உழுதுவிடுகிறது என்றார். ராத்திரிக் காவலுக்குப் போய்க்கொண்டிருந்தார்.

கிளம்பும்முன் கருவேலத்தை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார்.

"எங்க அய்யா காலத்துல இதுக ஒரு கதிர விடாது" என்றபடி டார்ச் லைட்டைத் தோளில் மாட்டிக்கொண்டு போனார்.