அடுக்களைக்கு ஓர் அளவுகோல்

வீடு கட்டுகிறவர்கள் வாசலுக்கும் கூடத்துக்கும் செலவிடும் சிந்தனையில் கால் பங்கையேனும் அடுக்களைக்குச் செலவிடுவதில்லை. நானும் அத்தகையோரில் ஒருவனாகவே இருந்தேன். கிள்ளானில் நாங்கள் குடியிருப்பது 1984இல் கட்டப்பட்ட ஒரு வரிசை வீடு. அதன் அடுக்களை, உணவு வெளிவரும் ஓர் அறை என்பதற்கு மேல் எனக்கு எதுவாகவும் இருந்ததில்லை. ஆசிரியப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற பின்னரே பகற்பொழுதில் அங்கு நின்று சுற்றுமுற்றும் பார்த்தேன். அலமாரிப் பலகைகள் ஈரத்தில் ஊறி உப்பியிருந்தன. கழுவுதொட்டியின் அடியில் கரப்பான்கள் குடித்தனம் நடத்தின. சுவரில் பதித்த வெள்ளை ஓடுகளில் பாதி விரிசல் கண்டிருந்தன. "இதை மாற்றிவிட வேண்டும்" என்றேன். "இருபது வருடமாக நான் சொல்லிக்கொண்டிருப்பதும் அதுதானே" என்றாள் என் மனைவி.

மாற்றுவது என்று முடிவானதும், எப்படி மாற்றுவது என்னும் கேள்வி எழுந்தது. பளபளக்கும் புதுப்பாணி எனக்குப் பிடிக்கவில்லை. என் உள்ளம் கோல சிலாங்கூர் வட்டாரத்தில் நான் பிறந்து வளர்ந்த தோட்டத்து லயத்தை நாடியது. பலகைச் சுவர், தகரக் கூரை, மண்ணடுப்பு, அடுக்கி வைத்த விறகு, பின்வாசலில் அம்மி. அந்த அடுக்களையின் மணத்தை எண்ணும்போதெல்லாம் நெஞ்சு நெகிழும். ஆகவே, நாட்டுப்புறப் பாணியில் ஓர் அடுக்களை அமைப்பதெனத் தீர்மானித்தேன். கட்டம் போட்ட தாளை விரித்து, 12 அடி நீளமும் 10 அடி அகலமும் கொண்ட அறையை வரைந்தேன். பூச்சு நீக்கிய செங்கற் சுவர், கதவில்லாத மரத்தட்டுகள், சிவப்புச் சிமெண்டுத் தரை ஆகியவற்றைக் குறித்தேன். ஒரு மூலையில் உண்மையான விறகடுப்பையும், மற்றொரு மூலையில் அம்மாவின் பழைய அம்மியையும், அதன்மேல் ஒரு பூச்சட்டியையும் வரைந்தேன்.

பெருமிதத்தோடு அந்த வரைபடத்தை அம்மாவிடம் காட்டினேன். எண்பதைக் கடந்தவர், கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

"இது என்னாப்பா, மூலையில?"

"விறகடுப்பு அம்மா. நம் தோட்டத்து வீட்டில் இருந்ததுபோல."

அவர் தாளை மடித்து என் கையில் கொடுத்தார். "நாப்பது வருசம் ஊதுன பொகை எனக்குப் போதும். ஒனக்கு வேணும்னா நீயே ஊதிக்க."

அதில் சினம் இல்லை, களைப்பே இருந்தது. அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. என் நினைவில் இருந்த அடுக்களை யாருடையது என்று என்னையே கேட்டுக்கொண்டேன். நான் கண்விழிக்கும்போது காப்பி மணக்கும். அடுப்பருகே குளிருக்கு இதமாக இருக்கும். அதற்கும் ஒரு மணி நேரத்துக்கு முன்னரே, நான்கு மணிக்கு, ஈர விறகோடு போராடியவர் அவர். சோறாக்கி, குழம்பு வைத்து, எங்களுக்கு எடுத்து வைத்துவிட்டுப் பிரட்டுக் களத்துக்கு ஓடுவார். பால் வெட்டி, வாளி சுமந்து, திரும்பி வந்ததும் மறுபடியும் அதே அடுப்பு. கண் சிவந்திருக்கும்; இருமல் விடாது. அவை எதுவும் என் நினைவுப் படத்தில் பதியவில்லை. அந்தப் படத்தை எடுத்தவன், சமைத்ததை உண்டவன் அல்லனா?

முப்பது ஆண்டுகள் தமிழாசிரியனாக இருந்தேன். 'தோட்ட வாழ்வின் இனிமை' என்று எத்தனை முறை மாணவர்க்குக் கட்டுரைத் தலைப்புக் கொடுத்திருப்பேன்! தூய காற்று, எளிய வாழ்வு, ஒற்றுமை என்று அவர்கள் எழுதியதற்கெல்லாம் மதிப்பெண் வழங்கினேன். அடுப்பு ஊதியவரைக் கேட்டு எழுதி வாருங்கள் என்று ஒரு நாளும் சொன்னதில்லை. வீட்டுக்குள் எழும் சமையற் புகையால் 2020ஆம் ஆண்டில் மட்டும் உலகில் ஏறத்தாழ 32 இலட்சம் பேர் இறந்ததாக உலகச் சுகாதார நிறுவனம் கணக்கிட்டுள்ளது. நான் அழகென்று வரைந்த மூலையின் மறுபக்கம் அது.

மறுநாள் புதிய தாளை எடுத்தேன். இம்முறை கண்ணுக்கு எது அழகு என்பதிலிருந்து தொடங்காமல், யார் அங்கே நிற்கப்போகிறார்கள் என்பதிலிருந்து தொடங்கினேன். இது புதிய எண்ணமன்று. 1926இல் ஜெர்மனியின் பிராங்பர்ட் நகரத் தொழிலாளர் குடியிருப்புகளுக்காக, மார்கரெட்டே சூட்டே லிஹோட்ஸ்கி என்னும் பெண் கட்டடக் கலைஞர் ஓர் அடுக்களையை வடிவமைத்தார். சமைப்பவர் எத்தனை அடி நடக்கிறார், எதை எடுக்க எங்கே திரும்புகிறார் என்று கணக்கிட்டே அதை அமைத்தார். நானும் இரண்டு நாள் அடுக்களை வாசலில் நாற்காலி போட்டு அமர்ந்து, குறிப்பேட்டில் அடிகளை எண்ணினேன். குளிர்பெட்டி ஒரு கோடியிலும் கழுவுதொட்டி மறுகோடியிலும் இருந்தமையால், ஒரு வேளைச் சமையலுக்குள் என் மனைவி அறையின் நீளத்தை 40 முறைக்கு மேல் கடந்தாள். "எண்ணுவதற்குப் பதில் வெங்காயம் உரிக்கலாமே" என்றாள். உரித்துக்கொண்டே எண்ணினேன்.

பிறகு உயரத்தை அளந்தேன். சமையல் மேடை, நிற்பவரின் முழங்கைக்கு நான்கு முதல் ஆறு அங்குலம் தாழ்ந்திருந்தால் தோள் நோகாது. என் மனைவி 5 அடி 3 அங்குலம். அவளுக்கு 35 அங்குல மேடை பொருந்தும். அம்மா 4 அடி 9 அங்குலம். அவருக்கு 30 அங்குலமே போதும். ஆகவே மேடையை இரண்டு உயரமாகப் பிரித்தேன். தாழ்ந்த பகுதியைச் சன்னலை ஒட்டி அமைத்து, அதன் அடியில் கால் நீட்டி அமர இடமும் விட்டேன்.

மேடைக்கு ரப்பர் மரப் பலகையைத் தேர்ந்தெடுத்தேன். 1877இல் சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்த 22 ரப்பர்க் கன்றுகளில் சில, பேராக்கில் கோலகங்சாரில் நடப்பட்டன. அந்தத் தொடக்கத்திலிருந்து பெருகிய தோட்டங்களில்தான் நம் முன்னோர் வாழ்ந்தனர். பால் குன்றிய முதுமரங்கள் 25, 30 ஆண்டுகளில் வெட்டப்படும். முன்பு அவற்றின் கதி விறகுதான். ஏனெனில் வெட்டிய சில நாளிலேயே பூச்சியும் பூஞ்சையும் பற்றிக்கொள்ளும். போரான் உப்புக் கரைசலில் ஊறவைத்து உலர்த்தும் முறை வந்த பின், அதே மரம் நாற்காலியாகவும் மேசையாகவும் மாறியது. அம்மா வெட்டிய மரம், அம்மாவை எரித்த மரம், இப்போது அவர் கைக்கு மேடையாகட்டும் என்று எண்ணினேன். நீர் தெறிக்கும் கழுவுதொட்டியின் பக்கம் மட்டும் கருங்கல் பதித்தோம். மரம் ஈரத்தில் விரியும்.

வேலை தொடங்கியதும் பாடங்களும் தொடங்கின. சுவர்ப்பூச்சை உரித்தால் அழகிய செங்கல் தெரியும் என்று நம்பியிருந்தேன். வெளிப்பட்டதோ கோணல் வரிசைகளும் உடைந்த முகங்களும் வழிந்து இறுகிய சாந்தும்! பூசி மறைப்பதற்கென்று அடுக்கிய கற்கள் அவை. எளிமை என்பது உரிப்பதால் வந்துவிடுவதில்லை என்று அப்போது உணர்ந்தேன். சன்னல் பக்கச் சுவரில் மட்டும் உடைந்த கற்களை மாற்றி, தூசி உதிராதபடி நிறமற்ற பூச்சுக் கொடுத்தோம். அடுப்பின் பின்புறம் செங்கல் கூடவே கூடாதென்று என் மனைவி தடுத்தாள். தாளிக்கும் எண்ணெய்ப் பிசுக்கைச் செங்கல் உறிஞ்சிக்கொள்ளும்; துடைக்க முடியாது. அங்கே வழவழப்பான கருங்கல்லே வந்தது. திறந்த தட்டுகளும் இரண்டாகக் குறைந்தன. நாள்தோறும் எடுக்கும் பாத்திரங்களில் தூசி படியாது, மற்றவற்றுக்குக் கதவு வேண்டும் என்பது அவள் தீர்ப்பு.

நான்காம் வாரத்தில் ஒரு மாலை. குத்தகையாளரின் ஆட்கள் மேடையைப் பொருத்திவிட்டுச் சென்றிருந்தனர். அம்மா சென்று நின்றார். மேடை அவர் முழங்கையை எட்டியது. முழுவதையும் ஒரே உயரமாக, 36 அங்குலத்தில் அமைத்துவிட்டார்கள். குத்தகையாளரைக் கேட்டேன். "எல்லா வீட்டிலும் இதுதானே அளவு, சார்" என்றார். "விடுப்பா, பழகிக்கலாம்" என்றார் அம்மா. வாழ்நாள் முழுதும் பிறர் அளவுக்குத் தம்மைப் பழக்கிக்கொண்டவரின் சொல் அது. நான் விடவில்லை. மேடையைக் கழற்றி மறுபடியும் அறுக்கச் செய்தேன். கூடுதலாக 600 வெள்ளி ஆயிற்று. இந்த வேலையில் நான் செய்த செலவுகளில் மனம் நோகாமல் கொடுத்தது அந்தத் தொகையே.

ஆறு வாரங்களில் பணி முடிந்தது. விறகடுப்பு இருக்க வேண்டிய மூலையில் அகன்ற சன்னல் இருக்கிறது. புகை வெளியேறவும், அம்மா தெருவைப் பார்க்கவும். சிவப்புச் சிமெண்டுத் தரை மட்டும் லயத்து வீட்டை எனக்கு நினைவூட்டுகிறது.

எஞ்சியது அம்மி. என் வரைபடத்தில் இருந்தபடியே அதன்மேல் பூச்சட்டியை வைத்தேன். மறுநாள் காலையில் பூச்சட்டி வாசலில் இருந்தது. "அரைக்கிற கல்லுல அரைக்கணும். இல்லேன்னா யாருக்காச்சும் குடுத்துடு" என்றார் அம்மா. ஆள் தேடிப் பிடித்து, உளியால் அம்மியைக் கொத்தச் செய்தேன். பின்கட்டில் என் உயரத்துக்கு ஒரு திண்ணை எழுப்பி, அதன்மேல் அதை ஏற்றி வைத்தேன்.

இப்போது ஞாயிறுதோறும் சட்டினி அரைப்பவன் நான். அரை மூடித் தேங்காய்க்கே தோள் இற்றுவிடுகிறது. சன்னலுக்கு அப்பால், தமது மேடையருகே அமர்ந்து கீரை ஆய்ந்தபடி அம்மா பார்த்துக்கொண்டிருப்பார். போதும் என்று நினைத்து நான் வழிக்கப் போகும்போது அவர் குரல் வரும்:

"இன்னும் மசியலப்பா. அரை."