தோளுக்குள் சுண்ணாம்பு!

நம் வீடுகளில் யாருக்காவது கை வலி என்றால் 'வாயு' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவோம். போன வருஷம் என் வலது தோள் பிடித்துக்கொண்டபோதும் ஆளாளுக்கு அதைத்தான் சொன்னார்கள். ராத்திரி அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுக்க முடியாது. தலை பின்னக் கை எழும்பினால்தானே!

மூன்றாம் நாள் வலியில் உயிர் போயிற்று. எலும்பு டாக்டர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார். தோள் மூட்டுக்கு மேலே அரிசி நொய் மாதிரி வெள்ளையாக ஒரு திட்டு. "கால்சியம் அம்மா. கையைத் தூக்க உதவும் தசைநாரில் படிந்திருக்கிறது" என்றார். 30 வயதிலிருந்து 60 வயதுக்குள்தான் பெரும்பாலும் வருமாம். அதுவும் பெண்களுக்கே அதிகமாம்.

விஷயம் கேட்ட பக்கத்து வீட்டு மாமி, "பாலையும் கேழ்வரகுக் கஞ்சியையும் முதல்ல நிறுத்துடி" என்றார். மாமியாரும் தலையாட்டினார். எனக்கு மனசு ஒப்பவில்லை. என் அம்மா கொல்லையில் வழுக்கி விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து படுக்கையோடு கிடந்ததைப் பார்த்தவள் நான். டாக்டரிடமே கேட்டுவிட்டேன்.

"சாப்பிடுகிற கால்சியத்தால் இது வருவதில்லை. தசைநாரிலேயே ஏற்படும் மாறுதலால் படிகிறது. பாலை நிறுத்தினால் இது கரையாது, எலும்புதான் பலம் குறையும்" என்றார். பெண்களுக்குத் தினம் 1000 மில்லிகிராம், மாதவிலக்கு நின்றபின் 1200 மில்லிகிராம் கால்சியம் வேண்டும் என்று ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமே 2020-ல் சொல்லியிருக்கிறதே!

இன்னொன்றும் சொன்னார். உடம்பு அந்தப் படிவைத் தானே கரைக்கத் தொடங்கும்போதுதான் வலி உச்சத்துக்குப் போகுமாம். அதைக் கேட்டதும் பாதி பயம் போயிற்று. வலி மாத்திரை, ஐஸ் ஒத்தடம், வலி தணிந்ததும் மெள்ள மெள்ளக் கைப்பயிற்சி, இவ்வளவுதான் எனக்குத் தேவைப்பட்டது. இதற்கு அடங்காவிட்டால் ஸ்கேன் பார்த்தபடியே ஊசியால் படிவைக் கலைத்து எடுப்பது, அதிர்வலை சிகிச்சை என்று வழிகள் உண்டு. ஆபரேஷன் வரை போவது வெகு சிலருக்குத்தான்.

நாலு மாதத்தில் என் தோள் வழிக்கு வந்தது. கேழ்வரகுக் கஞ்சியும் நிற்கவில்லை.

சகோதரிகளே, தோள் வலி என்றால் கையை ஒரேயடியாக அசைக்காமல் வைத்துவிடாதீர்கள், மூட்டு இறுகிவிடும். வலியோடு நெஞ்சு அடைப்பு, வியர்வை, மூச்சுத்திணறல் இருந்தால் தைலம் தேடிக்கொண்டிருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். மற்றபடி, யார் சொன்னாலும் டாக்டரைக் கேட்காமல் பால் டம்ளரை மட்டும் ஒதுக்கி வைக்காதீர்கள்!