ரூத் பொறுக்கிய கதிர்

தரங்கம்பாடியில் 1706-ம் ஆண்டு வந்திறங்கிய சீகன்பால்க் ஐயர், புதிய ஏற்பாட்டைத் தமிழாக்கியபின், பழைய ஏற்பாட்டில் ரூத்தின் சரித்திரம் வரையில் பெயர்த்து 1719-ல் காலமானார். எஞ்சியதை ஷூல்ட்சே ஐயர் முடித்தார். அப்பெரியார் நின்ற இடத்திலேயே என் வேதவாசிப்பும் இவ்வாண்டு சிலநாள் நின்றது.

எங்கள் அண்ணாகிராமப் பக்கத்தில் மணிலாக்கொட்டை பிடுங்கியபின், ஏழைப் பெண்கள் மண்ணைக் கிளறித் தப்பிய காய்களைப் பொறுக்குவர். அவர்களை எங்கள் கொல்லையில் விடலாமோ என்று வீட்டில் வழக்கு எழுந்தது. "விட்டால் பிடுங்காத செடியிலும் கை வைப்பார்களே" என்றார் தந்தையார். அவர் அச்சமும் நியாயமே. விதையும் கூலியும் இலவசமாய் வருவன அல்ல.

லேவியராகமம் 19-ம் அதிகாரத்தை எடுத்தேன். வயலோரத்தைத் தீர அறுக்கலாகாது, சிந்தியதைப் பொறுக்கலாகாது, அவை எளியவனுக்கும் பரதேசிக்கும் உரியன என்பது கட்டளை. ஓரம் எவ்வளவென்று அங்கே அளவில்லை. பிற்கால யூத ஆசிரியரோ, அறுபதில் ஒரு பங்குக்குக் குறையலாகாதென மிஷ்னாவில் வரையறுத்தனர். (கணக்கர் மனம் எங்கும் ஒன்றே போலும்!) போவாஸ் கட்டளை கேட்டதற்கும் மேலே சென்றான்; அரிகளிலிருந்து வேண்டுமென்றே சில கதிர்களைச் சிந்தவும், அவளை அதட்டாதிருக்கவும் வேலைக்காரருக்குச் சொன்னான். அதட்டாதிருத்தலே என் நெஞ்சைப் பிடித்தது. கொடுப்பவன் அதட்டியும் கொடுக்கக்கூடும். பொறுக்குகிறவளோ தன் உழைப்பால் தன் உரிமையை எடுக்கிறாள், பிச்சை ஏற்கவில்லை.

இதைத் தந்தையாருக்கு வாசித்துக் காட்டினேன். நெடுநேரம் பேசாதிருந்து, பிடுங்கி முடித்த பாத்திகளில் விடலாம் என்றார். காவலுக்கு ஆள் நிறுத்துவதா என்பது மட்டும் எங்களுக்குள் இன்னும் தீரவில்லை.