வேப்பிலைக்கு நான் எழுதிய விஞ்ஞானம்

கோவில் சிறப்பு மலர்களில் நான் எழுதிய விஞ்ஞானக் கட்டுரைகளில் பாதி இட்டுக்கட்டியவை. விஞ்ஞான ஆசிரியராக இருந்து பென்சன் எடுத்தவன் நான். மட்டக்களப்பு வாவியின் எழுவான்கரையிலோ படுவான்கரையிலோ ஒரு கும்பாபிஷேகம், ஒரு வைகாசிச் சடங்கு நெருங்கினால் மலர்க் குழுவினர் வீட்டுக்கு வந்துவிடுவார்கள். "சேர், சடங்குட விஞ்ஞானப் பின்னணி எண்டு ஒரு கட்டுரை தாங்க" என்பார்கள். கொடுத்துவிடுவேன். மறுக்கத் துணிவில்லை என்று சொன்னால் அதுவும் பாதிப் பொய்தான். பேர் வாங்கும் ஆசை இருந்தது.

என்ன எழுதினேன்? படலையில் கட்டும் வேப்பிலை காற்றில் வரும் கிருமியைக் கொல்லும். மஞ்சள் தண்ணீர் தொற்றுநீக்கி. கண்ணகை அம்மன் சடங்கு என்பது கோடையில் பரவும் நோய்களுக்கு எதிராக முன்னோர் வகுத்த சுகாதாரத் திட்டம். ஒரு மலரில், வேப்பங்காற்று இத்தனை சதவீதக் கிருமியை அழிக்கும் என்று எண்கூடப் போட்டேன். அந்த எண் எந்த ஆய்வுகூடத்திலும் பிறந்ததல்ல, என் மேசையில் பிறந்தது. அதையே இன்னொருவர் இன்னொரு மலரில் எடுத்தாண்டபோது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

முழுப் பொய்யாக இருந்திருந்தால் யாராவது பிடித்திருப்பார்கள். வேம்பிலும் மஞ்சளிலும் உள்ள சில சேர்மங்கள் சோதனைக் குழாய்க்குள் நுண்ணுயிர்களைத் தடுப்பது உண்மை. அம்மாள் வருத்தம் என்கிற அம்மை கண்ட வீட்டில் தாளிப்பை நிறுத்தி, ஆள் வரவைக் குறைத்து, பிள்ளையைக் குளிர்ச்சியாக வைத்திருப்பது நோயாளிக்கு நல்லது. ஆனால் தட்டம்மை எனப்படும் சின்னமுத்து, தோலில் தெரிவதற்கு நான்கு நாள் முன்பிருந்தே மற்றவருக்குத் தொற்றும். நோயாளி இருமிவிட்டுப் போன அறையில் வைரஸ் இரண்டு மணி நேரம் வரை காற்றில் நிற்கும். படலையில் வேப்பிலை ஏறும்போது பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு ஏற்கெனவே தொற்றியிருக்கும். இதையெல்லாம் வகுப்பில் படிப்பித்தவன், மலரில் ஒரு வரி எழுதவில்லை.

என் பிள்ளைகளின் தடுப்பூசி அட்டையில் ஒரு கட்டமும் வெறுமையாக இல்லை. பேரப்பிள்ளைகளுக்கும் அப்படியே. எங்கள் பகுதி மருத்துவமாது ஒருநாள் என்னை வழியில் மறித்தார். "சேர், உங்கட கட்டுரையக் காட்டி, ஊசி தேவையில்ல எண்டு ஒரு தாய் சொல்றா. உங்கட பேரனுக்கு ஊசி போட்டது நான்தானே?"

சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன். அந்தத் தாய் என்னிடம் படித்த பிள்ளை. வீட்டுக்குப் போய் இரண்டு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். நான் எழுதியதை அவள் முன்னால் நானே மறுப்பதற்கு வெட்கமாக இருந்தது, போகவில்லை. அவளுடைய குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை என்று பின்னர் கேள்விப்பட்டேன். அது என் வேப்பிலையால் அல்ல. சுற்றிவர இருந்த மற்றப் பிள்ளைகளெல்லாம் ஊசி போட்டிருந்தார்கள். அதற்குப் பிறகும் அதே கட்டுரையைத் தலைப்பு மாற்றி வேறொரு கோவிலுக்குக் கொடுத்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

முன்னோரின் பேரைச் சொல்லித்தான் இவ்வளவும் செய்தேன். முன்னோரோ என்னைவிடத் தெளிவாக இருந்தார்கள். பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் திருமுக்கூடலில், பெருமாள் கோவில் சுவரில் வீரராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று உண்டு. 11ஆம் நூற்றாண்டு. கோவிலின் மாணாக்கருக்கும் பணியாளருக்கும் என்று நடந்த வீரசோழன் ஆதுலர்சாலை என்ற மருத்துவசாலையின் கணக்கை அது சொல்கிறது. 15 கட்டில், ஒரு வைத்தியர், ஒரு அறுவை வைத்தியர், மூலிகை கொண்டுவர ஆட்கள், நோயாளரைப் பார்க்கப் பெண்கள், இருப்பில் இருக்கவேண்டிய மருந்துகளின் பட்டியல். தீர்த்தமும் துளசியும் சந்நிதியில் இருந்தன. அது போதும் என்று அவர்கள் நினைக்கவில்லை, வைத்தியருக்குத் தனியே நெல் அளந்தார்கள். மிகிந்தலையில் பிக்குகளின் மருத்துவசாலை இடிபாட்டுக்குள், ஆள் படுக்கும் அளவுக்குக் குடைந்த கல் மருந்துத் தோணியை இன்றும் பார்க்கலாம். 1847இல் அமெரிக்க மிஷன் அனுப்பி யாழ்ப்பாணம் வந்த டொக்டர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் மேலைத்தேய வைத்தியத்தைத் தமிழிலேயே படிப்பித்தார், மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார். மருந்தோடு சுவிசேஷமும் கொடுக்க வந்த மனிதர்தான் அவர். ஆனாலும் வேதப்புத்தகத்தை மருந்துப் பட்டியலில் சேர்க்கவில்லை. உலகம் எங்கும் சாமியும் வைத்தியமும் ஒரே வளவுக்குள் குடியிருந்திருக்கின்றன. ஒன்றின் சட்டையை மற்றதற்குப் போட்டுவிட்டது என்னைப் போன்ற ஆட்கள்.

சாதாரணத் தருக்கமே என்னைத் தடுத்திருக்க வேண்டும். பெரியம்மைத் தடுப்பூசி இலங்கைக்கு 1802இல் வந்தது. 1980இல் அந்நோய் உலகைவிட்டே ஒழிந்ததாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. சடங்கு வெறும் நோய்த்தடுப்பு என்றால் அதோடு ஓய்ந்திருக்க வேண்டுமே? ஓயவில்லை. செட்டிபாளையத்திலும் தம்பிலுவிலிலும் கண்ணகை அம்மன் கோவில்களில் சடங்குக்குக் கதவு திறக்கிறார்கள், கண்ணகி வழக்குரை படிக்கிறார்கள், சடங்கை முடித்துவைக்கும் குளுத்திக்குச் சனம் நெரிகிறது.

என் குற்றத்தின் பெரிய பங்கு இனித்தான். 1990 செப்டெம்பர் 5ஆம் திகதி, வந்தாறுமூலைப் பல்கலைக்கழக அகதி முகாமிலிருந்து இராணுவம் கொண்டுபோன 158 பேர் திரும்பி வரவில்லை. அந்தப் போர்க்காலத்தில் வாவியின் இரு கரையிலும் அதுதான் நிலை. தாய்மாருக்கு நித்திரை இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, கை கால் விறைப்பு. ஆஸ்பத்திரியில் கொடுத்த குளிசை மகன் எங்கே என்று சொல்லாது. வாய்விட்டுக் கேட்கப் பொலிசும் இல்லை, நீதிமன்றமும் இல்லை. அவர்கள் அம்மன் கோவில்களுக்குப் போய், உருவேறி ஆடுபவர்களின் காலடியில் விழுந்து வாக்குக் கேட்டார்கள். மகனின் பேரைச் சத்தமாகச் சொல்லி அழக்கூடிய இடம் அப்போது அது ஒன்றுதான். மகன் வந்தால் தீ மிதிப்பேன் என்று நேர்ந்தார்கள். பற்றிசியா லோறன்ஸ் என்ற அமெரிக்க மானிடவியலாளர் தொண்ணூறுகளில் இங்கு வந்து தங்கி அதை ஆராய்ந்து எழுதினார். உள்ளூர்க்காரனான நான் அதே கோவில்களின் மலர்களில் வேப்பிலையைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தேன்.

பயம் ஒரு காரணம். அதை யாரும் குறைசொல்லமாட்டார்கள். ஆனால் பயம் விலகிய பிறகும் எழுதவில்லை. தாய்மாரின் அழுகைக்கு விஞ்ஞானப் பின்னணி இல்லை, ஆகவே அது எனக்குக் கட்டுரைப் பொருளாகத் தெரியவில்லை. அந்த வாக்குகள் எல்லாம் நன்மை செய்தன என்றும் சொல்லமாட்டேன். "உசிரோட இருக்கான்" என்ற ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு மரணச் சான்றிதழ் வாங்க மறுத்து, இன்றும் பார்த்திருக்கும் தாய் என் உறவிலேயே உண்டு. அதையும் எழுதியிருக்க வேண்டியவன் நான்தான்.

மலர்க் குழுத் தம்பிமாருக்கு: என் பழைய கட்டுரைகளை மறுபதிப்புச் செய்யாதீர்கள். அந்தப் பக்கங்களை அந்தத் தாய்மாரிடம் கேட்டு நிரப்புங்கள், அவர்களுக்கு வயது போய்க்கொண்டிருக்கிறது. பிள்ளை வைத்திருப்பவர்களுக்கு: சின்னமுத்தை ஒழித்த நாடு என்று 2019இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை அறிவித்தது, 2023இல் அந்நோய் திரும்பி வந்தது. எம்எம்ஆர் ஊசி 9 மாதத்தில் ஒருமுறை, 3 வயதில் ஒருமுறை. கிளினிக்கில் இலவசம். சடங்கு நாளில் கிளினிக் விழுந்தால் முதலில் கிளினிக்குக்குப் போங்கள். கதவு திறந்த கோவில் குளுத்தி முடியும்வரை திறந்துதான் இருக்கும்.