பையில் 200 ரூபாய்... பானையில் மூணு நாள் சாப்பாடு!

அடுப்புப் பத்த வைக்கக்கூடத் தெரியாத ஆளா நீங்க? கையைக் கொடுங்க! கொஞ்ச நாள் முன்னாடி வரைக்கும் நானும் உங்க கட்சிதான்.

அம்மா பாத்ரூமில் வழுக்கி விழுந்து, வலது கையில் மாவுக்கட்டு. ஆறு வாரத்துக்குக் கையை அசைக்கக் கூடாது. அப்பா காலை எட்டு மணிக்கே வேலைக்குக் கிளம்பிவிடுவார். தங்கச்சி பத்தாவது. எனக்கு செமஸ்டர் லீவு. ஆக, கரண்டி என் கைக்கு வந்தது. கூடவே 200 ரூபாயும்!

"நாலு பேருக்கு மூணு நாள் காய்கறி. ஆஸ்பத்திரிச் செலவு போக இவ்வளவுதான் இருக்கு. பார்த்து வாங்கு" என்றார் அம்மா.

பார்த்துத்தான் வாங்கினேன். ஏசி போட்ட கடையில் காளான் ஒரு பாக்கெட், காலிஃப்ளவர் ஒண்ணு, மூணு கலரில் குடைமிளகாய். பில் 190 ரூபாய். அன்னிக்கு ராத்திரி வீடே மணத்தது. மறுநாள் ரசமும் அப்பளமும். அதுக்கு மறுநாள்... அதே ரசம், அதே அப்பளம். யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லைன்னு இருந்தது.

அடுத்த 200-ஐ நீட்டும்போது அம்மா ஒரே ஒரு பாடம் நடத்தினார். "அண்ணாநகர் உழவர் சந்தைக்குப் போ. என்ன சமைக்கிறதுன்னு முடிவு பண்ணிட்டுப் போகாத. போய்ப் பார்த்துட்டு முடிவு பண்ணு."

காலை ஆறரை மணி. நான் தூக்கக் கலக்கத்தில் நிற்கிறேன், மதுரை அண்ணாநகர் சந்தையோ திருவிழா மாதிரி இருக்கிறது. தண்ணீர் சொட்டும் கீரைக் கட்டுகள், காம்பு வாடாத கத்திரிக்காய், கொத்துமல்லி வாசனை. தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை இதுதான். 1999 நவம்பர் 14-ல் அப்போதைய முதல்வர் கருணாநிதி தொடங்கி வைத்தது. 2001-ல் ஆட்சி மாறியதும் உழவர் சந்தைகள் களை இழந்தன. 2006-க்குப் பிறகு மறுபடி உயிர் வந்தது. யோசித்துப் பார்த்தால், இந்தச் சந்தை என்னைவிட சீனியர்!

இங்கே இடைத்தரகருக்கு இடம் கிடையாது. விளைவித்தவரே விற்க வேண்டும். அதற்கு போட்டோ ஒட்டிய அடையாள அட்டை உண்டு. கடைக்கு வாடகை இல்லை, தராசும் சந்தையிலேயே கிடைக்கும். அன்றன்றைய விலையை அதிகாரிகள் முடிவு செய்து போர்டில் எழுதிவிடுகிறார்கள். மொத்த மார்க்கெட் விலையைவிடக் கொஞ்சம் கூட, தெருக்கடை விலையைவிடக் கொஞ்சம் கம்மி. விற்பவருக்கும் லாபம், வாங்குபவருக்கும் லாபம்.

இந்த லாஜிக் எல்லாம் எனக்கு அப்போது தெரியாதே! கத்திரிக்காய் அரை கிலோ 20 ரூபாய். பேரம் பேசினால்தான் கெத்து என்று நினைத்து, "பதினஞ்சுக்குத் தாங்க அப்பத்தா" என்றேன்.

அவர் கோபப்படவில்லை. "போர்டைப் படிச்சியா தம்பி? அதுக்கு மேல நான் ஒரு ரூவா கேக்க முடியாது. அப்ப நீ மட்டும் கீழ கேக்கலாமா? நேத்து சாயங்காலம் பறிச்ச காய். நாலு மணிக்கு எந்திரிச்சு மொத பஸ்ஸுல வந்திருக்கேன்."

செமத்தியா ஒரு பல்பு! பேசாமல் 20 ரூபாயைக் கொடுத்தேன். என் மூஞ்சியைப் பார்த்துப் பாவமா இருந்திருக்கும். பக்கத்தில் இருந்த முள்ளங்கியைக் காட்டி, "இலையோட வாங்கிக்க. இலையைத் தூக்கிப் போட்றாத. பாசிப்பருப்பு போட்டு வதக்கு, ஒரு பொரியல் ஆச்சு" என்றார். ஒரு காய் விலையில் ரெண்டு காய்!

அப்புறம்தான் சந்தையை ஒழுங்காக ஒரு சுற்று சுற்றினேன். முதலில் போர்டு, பிறகு காய், கடைசியில் மெனு. கணக்கு இதோ: தக்காளி ஒரு கிலோ 28, சின்ன வெங்காயம் அரை கிலோ 24, கத்திரிக்காய் 20, முள்ளங்கி 15, பீர்க்கங்காய் 22, முருங்கைக்காய் மூணு 15, மஞ்சள் பூசணி ஒரு கீற்று 20, அரைக்கீரை ரெண்டு கட்டு 20, பச்சை மிளகாயும் இஞ்சியும் 14, மல்லி, கறிவேப்பிலை 10. மொத்தம் 188. மிச்சம் 12 ரூபாய்க்கு வாசலில் சூடா ஒரு டீ!

அரிசி, பருப்புக்கு ரேஷன் கடை இருக்கிறது. 2011 ஜூனிலிருந்து அரிசி இலவசம். துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். அதனால் 200 ரூபாயும் காய்க்குத்தான்.

சமையலில் என் இன்ஜினீயரிங் மூளை ஒரே ஒரு இடத்தில் உதவியது. எது முதலில் வாடுமோ, அது முதலில் அடுப்புக்கு! முதல் நாள் கீரை மசியல், முள்ளங்கி இலைப் பொரியல், தக்காளி ரசம். இரண்டாம் நாள் கத்திரிக்காய், முருங்கைக்காய் போட்ட புளிக்குழம்பு, பீர்க்கங்காய்க் கூட்டு. சீவின பீர்க்கங்காய்த் தோலை உளுந்து, காய்ந்த மிளகாய், புளியோடு வதக்கி அரைத்தால் துவையல். ராத்திரி தோசைக்கு அதுவே போதும். மூன்றாம் நாள் முள்ளங்கி சாம்பார், பூசணிப் பொரியல். கிழங்கும் பூசணியும் அதுவரை தாங்கும்.

இரண்டாம் நாள் புளிக்குழம்பில் உப்பு ஒரு கல் தூக்கல்தான். ஒத்துக்கிறேன். நாலு தட்டு வைத்து நான் பரிமாறினேன். அம்மா இடது கையில் ஸ்பூனைப் பிடித்துக்கொண்டு எங்களோடு உட்கார்ந்தார். அப்போதுதான் உறைத்தது. எங்க வீட்டில் அம்மா முதல் பந்தியில் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. எல்லோருக்கும் போட்டுவிட்டு, சட்டியில் மிஞ்சியதை அடுப்படியில் நின்றே சாப்பிடுவார். 'அம்மாவுக்குப் பசிக்காது போல'ன்னு இத்தனை வருஷமா நினைச்சுக்கிட்டு இருந்திருக்கேன்!

"இன்னும் ரெண்டு கத்திரிக்காய் போடுடா" என்றார் அம்மா, தட்டைத் தள்ளி.

சட்டியில் அப்போது மூணுதான் இருந்தது. மூணையும் போட்டேன்.

மாவுக்கட்டுப் பிரிச்சாச்சு. அம்மா கரண்டியைத் திரும்ப வாங்கிக்கொண்டார். சந்தைப் பையை மட்டும் நான் கொடுக்கவில்லை. அப்பத்தாகிட்ட பேரமும் பேசுவதில்லை. நீங்களும் ஒரு ஞாயிற்றுக்கிழமை அலாரம் வைத்து எழுந்து உங்க ஊர்ச் சந்தைக்குப் போய்ப் பாருங்க. போர்டைப் படிச்சுட்டு!