உறை தைக்கும் கை

வாளைப் போற்றுவோர் பலர். வாளுறையை நினைப்போர் சிலர். எனினும், ஒரு படைக்கருவி வெளியே மின்னும் நேரம் மிகச் சிறிது. உறைக்குள் அடங்கிக் கிடக்கும் நேரமே மிகப் பெரிது. கருவியைச் செய்பவன் அதன் ஆற்றலைப் பற்றி எண்ணுகின்றான். உறையைச் செய்பவனோ அதன் அடக்கத்தைப் பற்றி எண்ண வேண்டியவனாகின்றான். இந்த எண்ணம் ஒரு மனிதனின் ஓய்வு நேரத்தையே பள்ளிக்கூடமாக மாற்றவல்லது. அமெரிக்க நாட்டில் பலர் பொழுதுபோக்காகக் கைக்கொண்டுள்ள துப்பாக்கி உறை தைக்கும் தொழில் இதற்கு நல்லதொரு சான்றாகும்.

மலேசியத் தமிழருக்கும் சிங்கைத் தமிழருக்கும் இப்பொழுதுபோக்கு வியப்பளிக்கக் கூடும். இவ்விரு நாடுகளிலும் கைத்துப்பாக்கி என்பது பெரும்பாலும் காவலரின் இடுப்பில் காணும் பொருள். மலேசியாவின் 1971ஆம் ஆண்டுச் சட்டமும் சிங்கப்பூரின் 1973ஆம் ஆண்டுச் சட்டமும் துப்பாக்கிக் குற்றங்களுக்கு மிகக் கடுமையான தண்டனைகளை வகுத்தன. அமெரிக்காவின் நிலை வேறு. 1791ஆம் ஆண்டில் அந்நாட்டு அரசியல் சட்டத்தில் சேர்க்கப்பெற்ற இரண்டாம் திருத்தம், படைக்கலம் வைத்திருக்கும் உரிமையை மக்களுக்கு உரியதாகப் பேசுகின்றது. அது நன்றா தீதா என்னும் வழக்கு அங்கே இன்னும் ஓயவில்லை. அவ்வழக்கு இக்கட்டுரையின் பொருளன்று. துப்பாக்கி உள்ள வீட்டில் அதற்கோர் உறையும் வேண்டும். அவ்வுறையைத் தன் கையாலேயே செய்ய முனையும் மனிதனே இங்குப் பொருளாகின்றான்.

தோல் வேலை அமெரிக்க இல்லங்களுக்குள் நுழைந்த வரலாறு உருக்கமானது. 1919ஆம் ஆண்டில், டெக்சாஸ் மாநிலத்து ஃபோர்ட் வொர்த் நகரில், ஹிங்க்லி, டேன்டி என்னும் இருவர் சேர்ந்து, காலணி செப்பனிடுவோருக்குத் தோலும் துணைப் பொருள்களும் விற்கும் வணிகத்தைத் தொடங்கினர். டேன்டியின் மகன் சார்லஸ், இரண்டாம் உலகப் போரின்போது கடற்படையில் பணியாற்றினார். காயமுற்ற வீரர்களுக்கு மருத்துவமனைகளில் தோல் வேலை கற்பிக்கப்படுவதை அவர் அறிந்தார். நலிந்த விரல்களுக்குப் பயிற்சியும் நொந்த மனத்திற்கு ஆறுதலும் ஒருங்கே தரும் தொழிலாக அது விளங்கியது. போர் முடிந்த பின்னர், தோலையும் கருவிகளையும் பொதுமக்களுக்கே விற்கலாம் என்னும் கருத்தோடு அவர் குடும்ப வணிகத்தைத் திருப்பினார். அல் ஸ்டோல்மன் போன்ற கைவினைஞர்கள் எழுதிய படவிளக்கக் கையேடுகள், ஆசிரியர் இல்லாத ஊரிலும் ஆசிரியராய் நின்றன.

ஐம்பது வயதை எட்டிய ஓர் இயந்திரப் பணியாளர் இக்கலையைக் கற்கத் தொடங்குகின்றார் எனக் கொள்க. பகலெல்லாம் இரும்போடு பழகிய கை அவருடையது. இரும்பு அளவுக்குக் கட்டுப்படும்; தோல் அவ்வாறன்று. அஃது ஒரு காலத்தில் உயிரோடு உலவிய மாட்டின் உடல். முதுகுப் புறத்தின் உறுதி வயிற்றுப் புறத்தில் இராது. ஒரே தோலில் ஓரிடம் கெட்டியாகவும் மற்றோரிடம் துவண்டும் இருக்கும். எனவே, கத்தியை எடுக்கும் முன்னர்த் தோலைத் தடவியும் வளைத்தும் பார்த்து அறிதலே அவர் கற்கும் முதற்பாடமாகின்றது.

எல்லாத் தோலும் துப்பாக்கி உறைக்கு ஆகாது. குரோமிய உப்பில் பதனிட்ட தோல் மென்மையானது. வார்த்த வடிவத்தைப் பிடித்து நில்லாது. மரப்பட்டைச் சாற்றில் பதனிட்ட தோலே இவ்வேலைக்கு ஏற்றது. அங்கே தோலின் கனத்தை அவுன்ஸ் கணக்கில் கூறுவர். ஓர் அவுன்ஸ் என்பது அங்குலத்தில் அறுபத்து நான்கில் ஒரு பங்கு. 8 அவுன்ஸ் தோல் ஏறத்தாழ 3.2 மில்லிமீட்டர் கனம் உடையது. உறைக்கு இவ்வளவு கனம் தகும்.

அடுத்தது அளவுத்தாள். துப்பாக்கியைத் தாளின்மீது கிடத்தி எல்லை வரைந்து, குழலின் பருமனுக்கும் தோலின் கனத்திற்கும் இடம் விட்டுத் தையற்கோடு குறிக்க வேண்டும். இடம் மிகுந்தால் துப்பாக்கி ஆடும், குறைந்தால் நுழையாது. தாளை மறந்தாற்போல் புரட்டி வைத்து வெட்டிவிட்டாலோ, வலக்கைக்காரருக்கு வேண்டிய உறை இடக்கைக்கு உரியதாய் முடியும். தொடக்க நிலையில் கற்போர் பலர் இதில் தவறுவதுண்டு. தாளில் தவறினால் தாளே போகும். தோலில் தவறினாலோ தோலும் போகும், நாளும் போகும். ஆகவே, முதலில் கெட்டித் தாளில் உறையை மடித்துப் பார்க்குமாறு அறிந்தோர் கூறுவர்.

பின்னர்த் தையல். சேணம் தைப்போரின் முறையே இங்கும் கைக்கொள்ளப்படுகின்றது. ஒரே நூலின் இரு முனைகளிலும் இரண்டு ஊசிகள். குத்தூசியால் இட்ட ஒவ்வொரு துளையிலும் இரு ஊசிகளும் எதிரெதிராய்ப் புகுந்து வெளிப்பட வேண்டும். நூல் தேன்மெழுகு பூசிய சணல்நூலாகவோ செயற்கை இழையாகவோ இருக்கும். தையலின் நீளத்தைப்போல் குறைந்தது நான்கு மடங்கு நூல் செல்லும். இயந்திரத் தையலில் ஒரு கண்ணி அறுந்தால் அடுத்தடுத்த கண்ணிகளும் தளர்ந்து பிரியும். சேணத் தையலில் ஓரிழை அறுந்தாலும், அதே துளையில் ஓடும் மற்றோரிழை தாங்கி நிற்கும். இவ்வுறுதிக்காகவே, விரல் சிவக்க இழுத்துத் தைக்கும் துன்பத்தை அவர் மேற்கொள்கின்றார். ஓர் அங்குலத்திற்கு ஆறேழு தையல். ஒரு மாலைப்பொழுதின் உழைப்பு ஒரு சாண் நீளத்தில் முடிந்துவிடுவதும் உண்டு.

தைத்து முடித்தபின் நிகழ்வதே இத்தொழிலின் தனிச்சிறப்பு. உறையை வெதுவெதுப்பான நீரில் நனைத்துப் பதமாக்குவர். அதனுள் உண்மைத் துப்பாக்கியின் அளவில் வார்த்த பொம்மைத் துப்பாக்கியைச் செருகுவர். இப்பொம்மைகள் நீல நிறத்தில் வருவது வழக்கம். மெய்க்கருவியோடு மயக்கம் நேராதிருக்க அந்நிறம் உதவுகின்றது. பின்னர் விரலாலும் எலும்புத் தகட்டாலும் தோலை மெல்ல அழுத்தி, விசையைச் சூழ்ந்த வளையம், குழலின் விளிம்பு ஆகியவற்றின் வடிவைத் தோலில் பதியச் செய்வர். அடுப்பருகே வைத்து விரைவாக உலர்த்தினால் தோல் முறுகி வெடிக்கும். நிழலில் ஒரு நாளேனும் பொறுத்திருத்தல் வேண்டும். உலர்ந்தபின் பூசும் எண்ணெயும் அளவோடு அமைய வேண்டும். பளபளப்பில் ஆசை கொண்டு மிகுதியாகப் பூசினால், அரும்பாடுபட்டு ஏற்றிய விறைப்பெல்லாம் தளர்ந்துவிடும்.

உறை முடிந்தது. விளிம்புகள் கண்ணாடிபோல் தேய்க்கப்பட்டன. முகப்பில் இலையும் பூவுமாகச் செதுக்கிய வேலைப்பாடு. மனைவி பாராட்டுகின்றார், அண்டை வீட்டார் தமக்கும் ஒன்று வேண்டுமென்கின்றார். இந்நிலையில்தான் உண்மையான தேர்வு தொடங்குகின்றது.

தோட்டாக்கள் அனைத்தும் வேறோர் அறையில் வைக்கப்படுகின்றன. துப்பாக்கி வெறுமையானதே என்பது ஒருமுறைக்கு இருமுறை பார்க்கப்படுகின்றது. உறையில் இட்டுத் தலைகீழாகக் கவிழ்க்கின்றார், விழவில்லை. ஒரு கையால் உருவுகின்றார், தடையின்றி வருகின்றது. மீண்டும் செருக முற்படும்போது, உறையின் வாய் சற்றே உள்வாங்கி மடிகின்றது. தோலின் வயிற்றுப் பகுதி அவ்விடத்தில் அமைந்துவிட்டமையே காரணம். மடிப்பு ஒரு விரற்கடை அளவுகூட இல்லை. பார்ப்போர் கண்ணுக்குத் தோன்றவும் தோன்றாது. ஆனால், அம்மடிப்பு விசை வளையத்திற்குள் புகுமாயின், துப்பாக்கியை உள்ளே தள்ளும் கையே விசையை இழுத்ததாக முடியும். தளர்ந்துபோன தோலுறையால் இத்தகைய விபத்து நேர்தல் துப்பாக்கிப் பயிற்றுநர்கள் நன்கறிந்த உண்மை. அக்குண்டு முதலில் தாக்குவது, உறையை அணிந்தவரின் தொடையைத்தான்.

பல வார உழைப்பு மேசைமீது கிடக்கின்றது. கேட்டவருக்குக் கொடுத்துவிடலாம், ஆண்டுக்கணக்கில் ஒரு தீங்கும் நேராமலே போகலாம். குறையை அறிந்தவர் அவர் ஒருவரே. இவ்விடத்தில் கையின் திறமைக்கு இனி வேலையில்லை. மனத்தின் நேர்மைக்கே வேலை. கத்தியை எடுத்து, பூவேலை செய்த முகப்பின் குறுக்கே தாமே வெட்டிவிடுகின்றார். வெட்டாமல் குப்பையில் எறிந்தால், யாரேனும் எடுத்து அணியக்கூடும் அல்லவா? அடுத்த உறைக்கு முதுகுப் புறத் தோலைத் தேர்ந்தெடுத்து, வாயைச் சுற்றி மற்றுமொரு தோற்பட்டையை வைத்துத் தைக்கின்றார். அது செதுக்கு வேலை ஏதுமின்றி எளிமையாக அமைகின்றது. செருகும் கைக்கு அதன் வாய் திறந்தபடியே நிற்கின்றது.

இவர் ஒருவர் கற்ற இப்பாடத்தை உறைத்தொழில் முழுவதுமே மெல்ல மெல்லக் கற்றுள்ளது. 1920-களில் எல் பாஸோ நகரில், டாம் த்ரீபர்சன்ஸ் என்னும் காவலரின் பெயரால் புகழ்பெற்ற உறை, மைர்ஸ் என்பாரின் சேணப் பட்டறையில் உருவாயிற்று. விரைந்து உருவுவதற்காக அதில் விசை வளையம் முழுவதும் வெளியே தெரியும்படி விடப்பட்டது. 1950-களில் மேற்கத்தியத் திரைப்படங்களும் தொலைக்காட்சித் தொடர்களும் விரைந்துருவும் வித்தையையே வீரமாகக் காட்டின. நடிகர்களுக்கு அவ்வித்தையைப் பயிற்றிய ஆர்வோ ஓஜாலா, உறையின் உள்ளே உலோகத் தகடு வைத்து அதனை விறைப்பாக்கினார். பிற்காலத்தில், விசை வளையத்தை முழுதும் மூடுவதே நல்லுறையின் இலக்கணம் என்னும் கருத்து நிலைபெற்றது. விரைவுக்காகத் திறந்து விட்ட இடத்தை, உயிருக்கு அஞ்சி மூடக் கற்றுக்கொண்டதே இவ்வளர்ச்சியின் சாரம்.

இங்கே தமிழர் எண்ணிப் பார்க்க வேண்டிய செய்தி ஒன்றுண்டு. மரப்பட்டையால் தோல் பதனிடும் கலை தமிழகத்திற்குப் புதியதன்று. ஆவாரம்பட்டையால் பதனிட்ட தோல் சென்னைத் துறைமுகம் வழியே கடல் கடந்து சென்று பெரும்புகழ் பெற்றது. திண்டுக்கல்லும் ஆம்பூரும் வாணியம்பாடியும் தோலால் பெயர்பெற்ற ஊர்கள். வயலுக்கு நீரிறைத்த கமலையின் தோற்பையும், காலைக் காத்த செருப்பும், ஊரைக் கூட்டிய பறையும் தோல் தொழிலாளர் தந்தவையே. அவர்கள் தந்த பொருளை ஏற்ற சமுதாயம், அவர்களை மட்டும் சேரிக்குத் தள்ளிற்று. அமெரிக்காவில் விடுமுறை நாளில் மருத்துவரும் பொறியியலாளரும் விரும்பிக் கற்கும் ஒரு கலையை, இங்கே பிறப்பின் இழிவாக எண்ணிய கொடுமை நெடுங்காலம் நிலவியது. கடல் கடந்து வந்த தமிழரும் அவ்வெண்ணத்தை மூட்டையில் கட்டி எடுத்து வந்தனர். ஒரு தையல் தளர்ந்தால் ஓர் உயிர் துன்புறும் என அஞ்சித் தைக்கும் கை, எந்த நாட்டில் இருப்பினும், எந்தக் குலத்தில் பிறந்திருப்பினும், வணக்கத்திற்குரியது.

அடக்கமுடைமைக்கென ஓர் அதிகாரத்தையே வகுத்தார் வள்ளுவர். ஆற்றல் உள்ள இடத்தில்தான் அடக்கத்திற்குப் பொருள் உண்டு. வகுப்பறையில் கைத்தொழிலைத் தேர்வுக்கு உதவாத பாடமென ஒதுக்கும் பெற்றோரும் ஆசிரியரும் இன்றும் உள்ளனர். மாணவன் துப்பாக்கி உறை தைக்க வேண்டுவதில்லை. ஒரு பணப்பையோ, புத்தகத்திற்கு ஒரு மேலுறையோ தைத்தாலும் போதும். அளந்து வெட்டவும், உலரும்வரை பொறுக்கவும், பிறர் காணாத குறையைத் தானே கண்டு திருத்தவும் அது கற்றுத்தரும். அக்கல்வியைப் பெற்ற பிள்ளை, நாளை பாலம் கட்டினாலும் மருந்து கலந்தாலும், குறை உண்டெனத் தான் அறிந்த ஒன்றைப் பிறர் கையில் கொடுக்கத் துணியமாட்டான்.